இரண்டு ஜாடி திராட்சை ரசம்

எங்கள் வீட்டுத் திராட்சைக் கொடியை நான் வெறுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அந்தக் கொடியைப் பற்றி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவள் என்றைக்குமே அதன்மேல் உருகிக்கொண்டிருந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி, நாலு கொடிகள் ஒரு பந்தலில் ஏறியிருந்தன. துணி காயப்போட வெயில் விழுகிற ஒரே இடம் அதுதான். அதைக் கொடி பிடித்துக்கொண்டதால் மழை மாதங்களில் எங்கள் துணியெல்லாம் முடை நாற்றம் அடிக்கும். அத்தனை இடைஞ்சலுக்கும் கூலியாக அது கொடுத்தது வருடத்துக்கு இரண்டு கூடை புளிப்புப் பழம்.

கொடியை வைத்தவர் என் கணவர். தண்ணீர்க் குழாய் இலாகாவில் பிட்டர் வேலை. புக்கிட் கட்டில் ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் குழாய் மாற்றப் போனவர், அங்கே நிழலுக்காக வளர்த்திருந்த கொடியிலிருந்து நாலு குச்சியை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். இந்த மண்ணிலும் அது காய்க்கும் என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தெரியாதாம். இவருக்குத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்த வேதக்காரக் குடும்பம் இவருடையது. பதினெட்டு வயதில், விதவைத் தாயை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறியவர்.

"கொடிக்குச் செல்லம் குடுத்தா இலையாப் போட்டுத் தள்ளும். பயமுறுத்தணும். அப்பத்தான் காய்க்கும்" என்பார். பயமுறுத்துவது என்றால், மழை குறைந்த மாதத்தில் வேரைச் சுற்றி மண்ணைக் கிளறிக் காயவிடுவது, பிறகு இலை மொத்தத்தையும் கையால் உருவிப் போட்டு, ஒவ்வொரு கிளையையும் நாலு கணு விட்டு வெட்டுவது. கவாத்து என்பார்கள். கவாத்து முடிந்த அன்று பந்தல் செத்துப்போன மாதிரி நிற்கும். எனக்கு அந்த ஒரு வாரம்தான் சந்தோஷம், துணி காயுமே. கல்யாணமாகி வந்து ஒரே ஒரு கவாத்துதான் பார்த்தேன். அவர் ஏணிமேல் நின்று வெட்டினார், நான் சமையற்கட்டு வாசலில் நின்று முணுமுணுத்தேன், என் மாமியார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜப்பான்காரன் வந்த மறு வருடம் அவரைச் சயாமுக்கு அழைத்துப் போனார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதம், கூலி உண்டு, வீட்டுக்கு அரிசி உண்டு என்று பட்டியலோடு வந்த ஆள் சொன்னான். அவர் அப்போது பின்பக்கம் தளர்ந்த கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு வேட்டி, ஒரு போர்வை, ஒரு செபமாலை எடுத்துக்கொண்டார். லாரி ஏறும்போது என்னிடம் உருப்படியாகச் சொன்னது இதுதான்: "கொடிய நீ தொட்டுறாத. நான் வந்து வெட்டுறேன்." புருஷன் பிரியும்போது பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது? அன்று ராத்திரி அந்தக் கோபத்திலேயே எனக்கு அழுகை வரவில்லை.

மூன்று மாதம் ஆறாயிற்று. அரிசியும் வரவில்லை, கடிதாசும் வரவில்லை. பிறகு செமாபோக்கில் ஒருவர் சயாமிலிருந்து திரும்பியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் மாமியாரும் நடந்தே போனோம். காலில் புண்ணோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கணவரை அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் ஒரே முகாமில் இருந்தார்களாம். பிறகு என் கணவரை மட்டும் மேலே இன்னொரு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். "அந்தப் பக்கம் காலரா வந்துச்சும்மா. அங்க இருந்து ஆள் வரல" என்றார். செத்துப்போனார் என்று சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமியார் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்து, "எம்புள்ள போயிட்டான்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஆள் வரலன்னாரு, அவ்வளவுதான். வரலன்னா செத்துட்டாருன்னு அர்த்தமா அத்தை?" என்று கத்தினேன். "பெத்தவளுக்குத் தெரியும்" என்றாள். "கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா?" என்றேன். அதற்குப் பிறகு ஒரே அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து, ஒரே பாயில் படுத்து, பல மாதம் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாக அவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் போய் ஒரு வருடம் முடிகிற நாளுக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. என்ன பூசை என்பதில்தான் சண்டை. மாமியாருக்கு இறந்தவர் பூசை வேண்டும். சாமியார் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு செய்வது. மகன் காட்டில் பூசை இல்லாமல் போயிருக்கிறானே, அவன் ஆத்துமா தவிக்கக் கூடாது என்பது அவள் கவலை. எனக்கு உயிரோடு இருப்பவருக்கான பூசை வேண்டும், அவர் பத்திரமாகத் திரும்பி வர. கறுப்பு உடுப்போடு அவர் பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு அவருக்குத் திரும்பி வர வழியே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். படித்தவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்கு இருந்தது அந்த ஒரு நினைப்புதான்.

டவுன் கோவில் சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழ்நாட்டில் பல வருடம் இருந்து புத்தகத் தமிழ் பழகியவர். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலைக் காட்டினார். அடியில் நாலு விரல் அளவுக்கு ரசம் இருந்தது. "மலாக்காவில் எஞ்சியிருப்பது இவ்வளவே. கப்பல் வருவது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் சில துளிகள் விடுகிறேன். தனிப் பூசைக்கு வழியில்லை, மகளே. திராட்சை ரசம் இல்லாமல் பூசை இல்லை."

"எங்க வீட்ல கொடி இருக்கு சாமி" என்றாள் மாமியார்.

சாமியார் எழுந்தே நின்றுவிட்டார். மலாக்காவில் திராட்சையா என்று மூன்று முறை கேட்டார். பிறகு உட்கார்ந்து தன் தகப்பனாரின் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மேட்டுச் சரிவில் இரண்டு சாதிச் சிவப்புத் திராட்சையாம். ஒன்றின் ரசம் துவர்க்கும், வாசனை இராது. மற்றது மணக்கும், குடித்தால் சப்பென்று இருக்கும். தனித்தனியே இரண்டும் எதற்கும் உதவாது. அவருடைய தகப்பனார் ஒவ்வொரு வருடமும் இரண்டையும் ருசிபார்த்து, அளவு பார்த்துக் கலப்பாராம். அந்தக் கலவை மேற்றிராணியார், அதாவது பிஷப், அவர் வீட்டு மேசைவரைக்கும் போகுமாம். சொல்லும்போது சாமியாரின் விரல்கள், அங்கே இல்லாத ஒரு தம்ளரைப் பிடித்துச் சுழற்றின. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நீங்கள் ரசம் செய்து கொண்டுவாருங்கள். முதல் பூசை உங்களுக்கு. மீதி, கோவிலுக்கு" என்றார். எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்மஸுக்கு ரசம் போடாத வருடம் உண்டா என்ன?

ஆனால் கொடியை வெட்ட வேண்டுமே. நான் வந்து வெட்டுகிறேன் என்று சொன்னவர் இல்லை. அவர் போனபிறகு யாரும் தொடாமல் கொடி மண்டிப்போய், பந்தலே தெரியாமல் இலையாக நின்றது. மாமியாருக்கும் கவாத்து தெரியாது. "வெட்டுறது ஆம்பளைங்க. நாங்க பறிக்கிறதோட சரி" என்றாள். தை முடிந்து மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் நானே ஏணியைச் சாய்த்தேன். அவருடைய கத்தரி எண்ணெய்த் துணியில் சுற்றியபடி தட்டில் இருந்தது. முதல் கிளையைப் பிடித்து நாலு கணு எண்ணியதும் கை நின்றுவிட்டது. வெட்டினால் அவர் இனி வரமாட்டார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமோ என்று பயம். பிறகு, வந்து திட்டட்டுமே, திட்டுவதற்காகவாவது வரட்டும் என்று நினைத்தேன். உடனே கை ஓடியது. சாயங்காலத்துக்குள் பந்தலை மொட்டையடித்துவிட்டேன். அந்த வாரம் துணியெல்லாம் நன்றாகக் காய்ந்தது, எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பத்தாம் நாள் கணுக்களில் மொட்டு வெடித்தது. நான் ஏதோ சரியாகச் செய்திருக்கிறேன். மாமியார் போய் மீன் கழுவிய தண்ணீரை வேருக்கு ஊற்றினாள். பூ வந்து, பிஞ்சு பிடித்து, காய் நிறம் மாறத் தொடங்கியபோது மைனாக்களும் வௌவாலும் வந்துவிட்டன. குலைகளுக்குத் துணி கட்டினால்தான் தப்பும். துணிக்கு எங்கே போவது? கடைகளில் ஒரு முழம் கிடைக்காத காலம். ஒரு நாள் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். பந்தல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது. மாமியார் அவருடைய பனியன்களைக் கிழித்து ஒவ்வொரு குலைக்கும் பை கட்டியிருந்தாள்.

"அவரு வந்தா எதைப் போடுவாரு?" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்துவிட்டாள்.

"வந்தா நான் தைச்சுக் குடுக்கிறேன்டி" என்றாள் மாமியார், முடிச்சுப் போடுவதை நிறுத்தாமலே.

அந்தக் கிழவியை அன்று நான் தள்ளிவிட்டிருப்பேன். ஏணிமேல் நின்றாள், அதனால் பிழைத்தாள்.

பழம் பறித்த அன்று எங்கள் சண்டை முற்றிவிட்டது. சுமார் இருபது கட்டி, அதாவது பன்னிரண்டு கிலோ, தேறியது. எம்புள்ளைக்கு நான்தான் ரசம் போடுவேன் என்றாள் அவள். என் புருஷனுக்கு நான்தான் போடுவேன் என்றேன் நான். கடைசியில் பாயை விரித்து, குலை குலையாக எண்ணிப் பாதி பாதி பிரித்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு ஜாடி கடன் கொடுத்தாள். அவள் பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். வீட்டில் மாரியம்மன் படம் இருக்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். நாங்கள் தமிழ் பேசும் வேதக்காரர்கள். எங்களைவிட அவள்தான் தமிழச்சி மாதிரி தெரிவாள் என்று அவர் கேலி செய்வார்.

மாமியார் தன் ஜாடியில் வீட்டு முறைப்படி போட்டாள். மசித்த பழத்தோடு தென்னங்கருப்பட்டி, பட்டை, கிராம்பு, ஒரு பிடி வறுத்த அரிசி. கோதுமை கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே போட்டாள். கருப்பட்டி டின்னை என் பக்கம் நகர்த்தவே இல்லை. வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். நான் கேட்பேனா? வெறும் பழத்தை மசித்து, துணியால் வாயைக் கட்டி, என் ஜாடியை வேறு மூலையில் வைத்தேன். வீடெல்லாம் புளித்த வாடை ஏறியது. தினமும் காலையில் அவள் தன் ஜாடியைக் கிளறுவாள், நான் என் ஜாடியைக் கிளறுவேன். அவள் கிளறும்போது ஆத்துமாக்களுக்கான செபம் சொல்வாள். எனக்கு அது கேட்கக் கூடாது என்று நான் சத்தமாகப் பிரயாண மாதா செபம் சொல்வேன்.

ஐந்து வாரம் கழித்து வடிகட்டி ருசி பார்த்தோம். என்னுடையது புளிப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடித்து இழுத்தது. அவளுடையது பாகு மாதிரி தித்தித்தது, பட்டை வாசனையைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. இரண்டுமே சரியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது, இரண்டு பேரும் அடுத்தவளுடையதைத்தான் குறை சொன்னோம். ஜாடிகளைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆளுக்கொரு கரண்டி கொடுத்தோம். முதல் கரண்டிக்கு "மாசாம்!" என்று முகத்தைச் சுளித்தாள். அடுத்ததற்கு "மானிஸ்!" என்று அதே மாதிரி சுளித்தாள். புளிப்பு, இனிப்பு. பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சம்போர் சாஜா லா" என்றாள். கலந்துவிடுங்களேன் என்று.

சாமியாரின் தகப்பனார் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தார். மாமியார் ஒரு கிண்ணத்தில் தன்னுடையதை ஒரு பங்கு ஊற்றினாள், நான் என்னுடையதை ஒரு பங்கு ஊற்றினேன். அவள் குடித்தாள். எனக்கு நீட்டினாள். பிறகு என்னுடையதை இன்னும் அரைப் பங்கு விட்டோம். அதுதான் சரியான அளவு. தித்திப்பு பின்னால் ஒதுங்கி, பழத்தின் ருசி முன்னால் வந்தது, கிராம்பு எங்கேயோ தூரத்தில் இருந்தது. "அடி ஆத்தி!" என்றாள் மாமியார். செமாபோக்குக்குப் போய்வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் பல் தெரியச் சிரித்தாள். என் ஜாடி முழுவதையும், அவளுடையதில் அந்த அளவுக்கு வேண்டியதையும் ஒரு மரத் தொட்டியில் ஊற்றிக் கலந்து, சோயா சாஸ் வந்த கிச்சாப் பாட்டில்களைக் கழுவி அவற்றில் நிரப்பி, மெழுகு வைத்து அடைத்தோம். ஒன்பது பாட்டில் வந்தது. மூன்று பாட்டிலைக் கூடையில் வைத்து, மேலே கீரையைப் பரப்பிக்கொண்டு கோவிலுக்குப் புறப்பட்டோம். பாலத்தடியில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிடு போட்டோம். அவன் கீரையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

சாமியார் ஒரு சின்னத் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. "இதில் இரண்டு ரசம் கலந்திருக்கிறது" என்றார்.

"ஆமா சாமி!" என்றேன் நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கருப்பட்டி, பட்டை, கிராம்பு, வறுத்த அரிசி என்று ஒன்றுவிடாமல் அடுக்கினேன். அடுக்க அடுக்க அவர் முகம் வாடியது. தம்ளரை மேசைமேல் வைத்தார்.

"மகளே, என் தகப்பனார் இதைக் குடித்திருந்தால் உங்கள் வீட்டுக்கே வந்து கைகொடுத்திருப்பார். ஆனால் பூசைக்கு ஆகாது. திராட்சையைத் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. இதை நான் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். என் ஊரில் ரசம் என்றால் திராட்சை மட்டும்தான். வேறு விதமாகச் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

"ஆண்டவருக்குக் கிராம்பு ஆகாதா சாமி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கலந்ததைப் பிரிக்க முடியுமா? கவாத்து, பனியன், நாலு மாதக் காவல் எல்லாம் போயிற்று. வருட நாளுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. அடுத்த பழத்துக்கு இன்னொரு கவாத்து வேண்டும், அதற்கு இன்னும் பல மாதம் ஆகும். வீடு வரும் வழியெல்லாம் கூடையைத் தூக்கி ஆற்றில் எறியலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் உள்ளே போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. ஒரு மருந்துப் பாட்டிலோடு வந்து என் எதிரே நின்றாள். அதில் கறுஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. "திட்டாத" என்றாள். "உன் ஜாடியில இருந்து எடுத்தேன். வடிகட்டின அன்னைக்கே. மீனு அச்சார் ஊறுகாய்க்குப் புளிப்புக்கு ஒண்ணுமில்லையேன்னு ஒளிச்சு வச்சேன். இதுல ஒண்ணும் போடல. நீ போட்டது மட்டும்தான்."

வேறு நாளாக இருந்தால் என் ஜாடியில் எப்படிக் கை வைக்கலாம் என்று ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று அவள் கையையும் பாட்டிலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "முதல்ல சாமி ஒத்துக்கட்டும்" என்றாள்.

மறுநாள் சாமியார் அதில் ஒரு துளியை நாக்கில் வைத்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்தார். "இதைக் குடித்தால் என் தகப்பனார் அழுதுவிடுவார்" என்றார். பிறகு இன்னொரு துளி பார்த்தார். "புளித்திருக்கிறது. ஆனால் காடியாகவில்லை. இது ரசம்தான், சுத்தமான திராட்சை ரசம்." ஒரு சின்னக் கரண்டியால் மனதுக்குள் அளந்து பார்த்து, சொன்ன சொல்படி முதல் கரண்டி எங்கள் பூசைக்கு, மீதி பல ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காணும் என்றார். நோட்டைத் திறந்தார். பேனாவை மையில் தொட்டார். என் கணவரின் பெயரை எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"உயிருள்ளவருக்கா, இறந்தவருக்கா?"

நாங்கள் இதை முடிவு பண்ணிக்கொண்டு வரவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க இரண்டு பேருக்கும் பயம். பெற்றவள் அவள், பாட்டிலை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவளும் அவள்தான். இறந்தவருக்கு என்று அவள் சொன்னால் நான் என்ன சொல்லி மறுப்பேன்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உயிரோட இருக்கிறவனுக்குன்னு எழுதுங்க சாமி" என்றாள் மாமியார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சாமியாரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரசம் இவளோடது சாமி. இவ என்ன நெனச்சுப் போட்டாளோ அதுக்குத்தான் ஆகணும். நான் நெனச்சுப் போட்டதுதான் ஆகாமப் போச்சே."

வருட நாளன்று விடியற்காலையில் கோவிலில் நாங்கள் இரண்டு பேர், பூசைக்கு உதவுகிற கோவில்பிள்ளை, சாமியார், வேறு யாரும் இல்லை. மாமியார் உடுப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். கதவு திறந்தது. சாமியார் வெள்ளை உடுப்பில் வந்தார். மாமியார் ஒரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அது நிம்மதியா, மகனுக்கு வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை. பூசை முடியும்வரை என் கை அவள் கைக்குள் இருந்தது. அவளை நான் அன்று நேசித்த அளவுக்கு என் சொந்தத் தாயை நேசித்தேனா என்பது சந்தேகம்தான்.

ஜப்பான்காரனுடைய சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். மலாக்காத் தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போயிருந்ததால் தம்பின் ஸ்டேஷனில் இறங்கி லாரியில் வந்தார்கள். ஒவ்வொரு லாரிக்கும் நாங்கள் போய் நின்றோம். ஒருவர் அவரை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார், பேசினாராம். இன்னொருவர் அந்தக் கொட்டகையையே கொளுத்திவிட்டார்கள் என்றார். மூன்றாமவர், அது வேறு ஆளாக இருக்கும் என்றார். உறுதியாக யாரும் சொல்லவில்லை. அவர் வரவில்லை. வந்தபிறகு திறக்கலாம் என்று கலந்த ரசத்தில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, மீதியைச் சண்டை ஓய்ந்த அந்தக் கிறிஸ்மஸுக்கு நாங்களும் பக்கத்து வீட்டுக்காரியும் குடித்துத் தீர்த்தோம்.

கப்பல் வந்தது, கோவிலுக்கு நல்ல ரசமும் வந்தது. வருட நாளுக்கு வருட நாள் பூசை எழுதப் போவோம். சாமியார் மாறினார்கள், நோட்டு மாறியது, கேள்வி மட்டும் மாறவில்லை. நான் வாயைத் திறக்குமுன் மாமியார் சொல்லிவிடுவாள், "உயிரோட இருக்கிறவனுக்கு" என்று, கடையில் சாமான் கேட்கிற குரலில். பதினோரு வருடம் அப்படிச் சொன்னாள். பிறகு அவளுக்கே நான் இறந்தவர் பூசை எழுதவேண்டி வந்தது. அன்று கறுப்பு உடுப்பு வந்தபோதுதான் அவள் தன் மகன் விஷயத்தில் எனக்காக விட்டுக்கொடுத்தது என்ன என்று எனக்கு முழுசாக உறைத்தது. சத்தம் போட்டு அழுதேன்.

கவாத்து நானே செய்கிறேன், இப்போதும், அதே வீட்டில், அதே பந்தலில். ஏணி ஏறக் கூடாது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்த வருடம் கோவிலுக்குப் புதுச் சாமியார் வந்திருக்கிறார், சின்ன வயது, நல்ல பிள்ளை. அச்சடித்த காகிதத்தில் பெயரை எழுதிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். உயிரோட இருக்கிறவருக்கு என்றேன்.

"உங்களுக்கு என்ன வேணும்மா அவரு?"

"வீட்டுக்காரரு."

"உடம்பு முடியலையா? ஆஸ்பத்திரியில இருக்காரா? சொல்லுங்க, நான் வந்து பார்க்கிறேன்."

"எங்க இருக்காருன்னு தெரியல சாமி" என்றேன். "வந்ததும் சொல்லி அனுப்புறேன்."